2569 என்பது 2026தான்

தாய்லாந்தில் வாங்கிய பால் பாக்கெட்டில் காலாவதி ஆண்டு 2569 என்று அச்சாகியிருக்கிறது, அவ்வளவு ரசாயனம் சேர்க்கிறார்கள் என்று ஒரு நண்பர் படத்தோடு போட்டிருக்கிறார். படம் உண்மைதான். ஆனால் அது புத்த ஆண்டு. தாய்லாந்தின் அதிகாரப்பூர்வக் கணக்கே அதுதான். நாம் எழுதும் ஆண்டோடு 543-ஐக் கூட்டினால் அவர்களுடைய ஆண்டு. அதாவது 2569 என்பது 2026. மாதமும் தேதியும் நம்முடையதேதான். 1941 முதல் அங்கேயும் ஆண்டு ஜனவரி 1-ல்தான் பிறக்கிறது.

சந்தேகம் இருந்தால் அதே பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். அதுவும் இருபத்தைந்தாம் நூற்றாண்டைத் தாண்டித்தான் இருக்கும். பாலை எதிர்காலத்திலா கறந்தார்கள்? ஐபோன் இருந்தால் மொழி, வட்டார அமைப்பில் நாட்காட்டியைப் புத்த நாட்காட்டிக்கு மாற்றுங்கள், இன்றைய ஆண்டே 25-ல் தொடங்கும்.

சில பாக்கெட்டுகளில் வெறும் 69 என்று மட்டும் இருக்கும், அங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முன்னால் 25 சேர்த்து, 543 கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏற்றுமதிச் சரக்கில் நம் ஆண்டே இருக்கலாம்; அதற்கும் தயாரித்த தேதிதான் துப்பு.