காலி இடமும் காசு கொடுத்து வாங்கியதுதான்

இசை ஆல்ப விளம்பரத்துக்குப் பத்திரிகையில் முழுப் பக்கம் வாங்கி முக்கால்வாசியைக் காலியாக விடுவது சோம்பேறித்தனம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், எனக்கு ஒப்பவில்லை. சுற்றிலும் நெருக்கியடித்துக் கத்தும் பக்கங்களுக்கு நடுவே கண் போய் நிற்பது அந்தக் காலி இடத்தில்தானே! 1968-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் தங்கள் ஆல்பத்துக்கு வெறும் வெள்ளை உறை போட்டார்கள், சரி, அவர்களை உலகமே அறியும். ஆனால் ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் 'அன்னோன் பிளஷர்ஸ்' (1979) அவர்களுடைய முதல் ஆல்பம். பீட்டர் சாவில் வடிவமைத்த அந்த உறையில் கறுப்புப் பின்னணி, ஒரு துடிப்பு விண்மீனின் ரேடியோ அலைக் கோடுகள், அவ்வளவுதான், முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. மட்டமான பத்திரிகைத் தாளில் கறுப்பு வெள்ளையில் அடித்தாலும் அந்தப் படம் கெடாது, வண்ணப் புகைப்படம் என்றால் சாம்பல் குழம்பாகிவிடும். அப்புறம், எட்டுப் புள்ளி அளவுப் பொடி எழுத்தில் வெளியீட்டுத் தேதி போடுகிறவர்களைத்தான் எனக்கும் பிடிக்காது.