ஓட்டுத்துண்டை ஏன் ஒளிக்கிறோம்?

போன சித்திரையில் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் பெரியப்பாவின் வளவில் கிணறு வெட்டினார்கள். ஆறடி தாண்டியதும் மண்ணோடு சட்டி ஓடுகள் வந்தன. ஒன்றைக் கழுவிப் பார்த்தேன். உள்ளே கரிக்கறுப்பு, வெளியே சிவப்பு, வாயோரத்தில் மட்டும் கறுப்பு வெளிப்பக்கத்துக்கும் இறங்கியிருந்தது. தடவினால் வழுவழுப்பு.

"பெரியப்பா, இது பழசு. ஆருக்கும் அறிவிப்பம்."

"பேசாமல் இரு தம்பி. நாளைக்குத் தொல்லியல்காரர் வந்து பலகை நட்டாங்கள் எண்டால் கமத்துக்கு எங்கை போறது?"

எல்லாவற்றையும் உரப்பையில் அள்ளி, வரம்போரம் தாட்டுவிட்டார்.

அவரில் எனக்குக் கோபமில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பிப் பற்றை வெட்டி மீட்ட காணி அது. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று தொல்லியலின் பேரில் நடந்த கோயில், காணித் தகராறுகளைக் கேட்டுக் கேட்டு, தொல்லியல் என்றாலே காணி பறிபோகும் செய்தி என்று ஆகிவிட்டது எங்கள் சனத்துக்கு.

ஆனால் தாட்டது என்ன? பூநகரியிலும் பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும், கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்பு மட்பாண்டம் போலத்தான் எனக்குப் பட்டது. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுக்கும், பட்ட பக்கம் சிவக்கும். இரும்பும் நெல்லும் பழகிய காலத்துச் சனம் சோறு தின்ற சட்டி.

மன்னார்க் கரையின் பழைய துறைமுகமான மாந்தையில் 1980 தொடக்கம் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழு தோண்டியது. 1984இல் போரால் நின்றது. அந்த அகழ்வின் நூல் 2013இல்தான் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். போர் முடிந்தபின் மறுபடி தோண்டியவர்கள் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்ததை வடித்தெடுத்தார்கள். நெல், மிளகு, அப்புறம் ஒரேயொரு கராம்பு! ஆயிரம் வருசத்துக்கு முன் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து எங்கள் கரைக்கு வந்தது. புத்தர் சிலையையோ சிவலிங்கத்தையோ மட்டும் தேடிப் போகிறவர் கண்ணில் அது பட்டிருக்குமா?

வவுனியா பெரியபுளியங்குளத்தில் கிறிஸ்துவுக்கு முந்திய, பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, விசாகன் என்ற தமிழ் வணிகனைப் பிராகிருத மொழியில் குறிக்கிறது. பௌத்தத் துறவிகளின் குகையில். 'தமிழ்' என்பதை ஒரு பக்கம் பிடிக்கிறது, 'பௌத்தம்' என்பதை மறுபக்கம். அந்த மனிதனை முழுதாக ஏற்க இரண்டு பக்கத்துக்கும் மனமில்லை.

1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கண்டெடுத்ததை அறிவி என்கிறது. சரி, அறிவிக்கிறோம். அதற்குப் பிறகு எவ்வளவு நிலம், எத்தனை நாள், விதைப்பு நின்றால் நட்டஈடு எவ்வளவு என்று முதலே தமிழில் எழுதித் தாருங்கள். எங்கள் பிள்ளைகளையும் குழிக்குள் இறக்கிப் பழக்குங்கள். கிடைத்ததைக் கொழும்புக்கு ஏற்றாமல் மாவட்டத்திலேயே வையுங்கள். இவ்வளவும் நடந்தால் பெரியப்பாவே மண்வெட்டியோடு முன்னுக்கு வருவார். நடக்காதவரை கிரவல் டிப்பர்களும் இரவில் புதையல் தோண்டுகிறவர்களும்தான் வன்னியின் மண்ணைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஓடுகளைத் தீப்பெட்டியோடு வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். ஆழத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். உரப்பை கிடக்கும் இடம், பாலை மரத்திலிருந்து பதினொரு எட்டு.