43 மார்க் படம்

போன மாதம் கரூரிலிருந்து அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாம் என்று முடிவானதும், எந்தப் படம் என்று பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. யூடியூபைத் திறந்தேன். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி எடுத்த பப்ளிக் ரிவ்யூ. "வேற லெவல்ணா, குடும்பத்தோட பார்க்கலாம்ணா" என்றான் ஒரு தம்பி. ஐந்து டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். இடைவேளை வரை சிரிப்பும் கலாட்டாவுமாகத்தான் போனது. அப்புறம் தலைகள் உருள ஆரம்பித்தன. அக்காவின் சின்னவன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வெளியே வரும்போது அக்கா சொன்னது ஒன்றுதான்: "நீ சொன்னேன்னுதானேடா வந்தோம்."

வீட்டுக்கு வந்து அதே வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். தம்பியின் கையில் பாப்கார்ன் டப்பா, விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. படம் முடிந்து வருகிறவன் கையில் அப்படி ஒரு டப்பா எப்படி இருக்கும்? இடைவேளையில் வாங்கிக்கொண்டு நின்றவனைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அவன் பொய் சொல்லவில்லை. பாதிப் படத்துக்குச் சொன்னதை நான் முழுப் படத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி வாசல் விமர்சனங்களால்தான் படங்கள் விழுகின்றன என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள், நினைவிருக்கும். யூடியூபர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றார்கள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை கேட்டு உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். மூன்று நாள் வாயைக் கட்டினால் அந்த மூன்று நாளும் டிக்கெட் வாங்குகிறவன் கண்ணைக் கட்டியது மாதிரி.

'பெய்ட் ரிவ்யூ' என்று கத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. நமக்குப் பிடித்த நடிகரின் படத்தைத் திட்டினால் பெய்ட், பிடிக்காதவர் படத்தைப் பாராட்டினாலும் பெய்ட் என்றாகிவிட்டது. அதற்காகக் காசு விளையாடுவதே இல்லை என்று சொல்லவில்லை. ஹாலிவுட்டில் சோனி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு டேவிட் மேனிங் என்று ஒரு விமர்சகரையே கற்பனையாக உருவாக்கி, அவர் பாராட்டியதாக விளம்பரங்களில் போட்டுக்கொண்டிருந்தது. 2001இல் குட்டு உடைந்தது. அவர் 'எழுதியதாக'ச் சொன்ன சின்ன ஊர்ப் பத்திரிகைக்கே அப்படி ஒருவரைத் தெரியாது! நம் ஊரில் அவ்வளவு மெனக்கெட வேண்டாம், டீசர் வந்த அன்றே பத்துக்குப் பத்து போட ரசிகர் மன்றம் தயாராக இருக்கிறது.

என் பிரச்சினை வேறு. நேர்மையாகப் போட்ட மார்க்கே நமக்குப் புரிவதில்லை. விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் போடுகிற ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 சதவீதம் என்று பார்த்ததும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய படம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியில்லை. பத்து விமர்சகரில் ஒன்பது பேர் 'பரவாயில்லை' பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்பது பேருமே 'ஒரு தடவை பார்க்கலாம்' ரகமாகச் சொல்லியிருந்தாலும் 90 வந்துவிடும். நாலு பேர் தலையில் தூக்கிவைத்து ஆடி, ஆறு பேர் திட்டிய படம் 40 வாங்கும். யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த படங்களில் பாதி அந்த நாற்பது கோஷ்டிதான்.

எங்கள் அப்பாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவருக்கு ஆனந்த விகடன் மார்க்தான் வேதம். விகடன் கை இறுகிய வாத்தியார் மாதிரி. '16 வயதினிலே'வுக்கே நூற்றுக்கு 62.5தான் போட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அப்பா படிப்பார். 40க்குக் கீழே என்றால் "டிவில போடறப்ப பார்த்துக்கலாம்." 42, 43 என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். 50ஐத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக் கூட்டிப் போவார். இன்றைக்கு எல்லாப் படமும் ஐந்துக்கு மூன்றரை. மூன்றரையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். எனக்கு மனப்பாடமான ஏழெட்டுப் பழைய படங்களை எடுத்துக்கொண்டேன். அவை வெளியான அன்று நான் பின்தொடர்கிற விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் படித்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஆனது. ஜாலியாகவும் இருந்தது. லட்சக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருக்கும் ஒருவர், ஏழு படத்துக்கும் ஏறத்தாழ ஒரே வாக்கியங்களைச் சொல்லியிருந்தார்: இன்டர்வெல் பிளாக் மாஸ், செகண்ட் ஆஃப் லேக், பின்னணி இசை பலம். பெயரை மாற்றினால் எந்தப் படத்துக்கும் பொருந்தும். அவரை அன்றே விட்டுவிட்டேன்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ரசனை கிட்டத்தட்ட என்னுடையது. இன்னொருவர் எனக்கு நேரெதிர். நிதானமான படம் என்றாலே அவருக்குத் தூக்கம் வரும், சண்டை குறைந்தால் கோபம் வரும். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று காட்சியைச் சொல்லி விளக்குவார். "அரைமணி நேரமா அப்பாவும் மகளும் பேசிக்கிட்டே இருக்காங்க" என்று அவர் அலுத்துக்கொண்ட படத்துக்கு மறுநாள் காலைக் காட்சிக்கே டிக்கெட் போட்டேன். அருமையான படம்.

போன வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். கரூரில் புதுப்படம் ஒன்று போட்டிருக்கிறார்களாம், நான் பார்த்துவிட்டேனா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

"ரத்தம் இருக்கா?"

"ஒரு இடத்துல. மூக்குல இருந்து."

"அப்பா இருந்தா எத்தனை மார்க்ல கிளம்புவாரோ, அதைச் சொல்லு."

"43."

"சரி, பிள்ளைங்களைக் கிளப்பறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.