வாயைக் கட்டச் சொல்லும் பெரியம்மாவுக்கு

சென்ற வாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. என் தங்கை இரண்டாவது வடையை இலையில் வாங்கியதும் பக்கத்து இலையிலிருந்து பெரியம்மா ஒருவர், "கொஞ்சம் வாயைக் கட்டம்மா" என்றார். அவர் அப்போது மூன்றாவது வடையில் இருந்தார். ஒல்லியாக இருப்பவர்களின் இலையை யாரும் எண்ணுவதில்லை. தங்கை சிரித்து மழுப்பினாள், வடையைத் தொடவில்லை.

நானும் அவளும் ஒரே குக்கர் சோற்றில் வளர்ந்தவர்கள். நொறுக்குத் தீனிக்கு அடிமை நான்தான். நான் அம்மாவைப் போல எலும்பும் தோலும். அவள் அப்பாவழி அத்தைகளைப் போலப் பருமனான வாகு. இதைச் சொன்னால், "ஜீன் என்று சாக்குச் சொல்லாதே" என்கிறார்கள்.

சாக்கா? கனடாவின் கியூபெக்கில் க்ளோட் பூஷார் என்ற ஆய்வாளர், உருவொத்த இரட்டையர் 12 ஜோடிகளுக்கு வேண்டுமென்றே அதிகம் ஊட்டிப் பார்த்தார். தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி, வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 84 நாள். 1990இல் முடிவு வெளியானது. எல்லாருக்கும் கூடுதல் சோறு ஒரே அளவுதான். ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. கூடப் பிறந்த இரட்டையர் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் ஒத்தே ஏறினார்கள். பெரிய வித்தியாசமெல்லாம் ஜோடிக்கு ஜோடிதான். அதற்கு முன்பே, 1986இல், டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்தபோது, அவர்களின் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை.

சரி, பசி? அதுவாவது நம் கையில் இருக்கிறதா? 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். எடை 86 கிலோ. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. அவள் உடலில் லெப்டின் சுரக்கவே இல்லை. அதை உண்டாக்கும் ஜீனில் பிழை. லெப்டின் என்பது நம் கொழுப்பே சுரக்கும் ஹார்மோன். "இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. ஊசி மூலம் லெப்டின் கொடுத்ததும் பசி தணிந்தது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அதுவரை அந்தக் குழந்தையிடம் எத்தனை பெரியம்மாக்கள் வாயைக் கட்டச் சொல்லியிருப்பார்களோ!

உடனே லெப்டின் ஊசி தேடிப் போகாதீர்கள். அந்தக் குறை மிக மிக அரிது. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை.

என் தங்கை கதை அதற்கு அடுத்த கட்டம். இரண்டு முறை பட்டினி கிடந்து இளைத்தாள், இரண்டு முறையும் எடை திரும்பி வந்தது. "விட்டுவிட்டாள், சோம்பல்" என்று நானே ஒரு காலத்தில் நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து இளைக்கச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களுக்கு லெப்டின் தாழ்ந்தே இருந்தது, இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது. நாம் அழகுக்காக இளைத்தாலும் உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் பல்லைக் கடிக்கலாம். ஆண்டுக்கணக்கில் கடிக்க முடியுமா?

"தைராய்டு பார்த்தாயா?" என்ற கேள்வியும் தவறாமல் வரும். தைராய்டு குறைந்தால் பொதுவாக ஏறுவது சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். தங்கைக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை; அதோடு வருகிற இன்சுலின் குழப்பம் எடையை ஏற்றுகிறது, ஏறிய எடை அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது.

"தாத்தா காலத்திலும் இதே ஜீன்தானே, அப்போது இவ்வளவு பேர் குண்டாக இல்லையே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஜீன் மாறவில்லை, தெருமுனை மாறிவிட்டது. எஃப்.டி.ஓ. என்ற ஜீனின் ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குச் சராசரியாக 3 கிலோ கூடுதல், அவ்வளவுதான். இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான ஜீன்கள். பஞ்சத்தில் அவை பேசாமல் கிடக்கும். அலைபேசியைத் தொட்டால் பரோட்டா வாசலுக்கு வரும் காலத்தில் கிடக்குமா? அதனால் நடக்க வேண்டாம், கண்டதையும் தின்னலாம் என்று நான் சொல்லவில்லை. தங்கை காலை ஐந்து மணிக்கு நடக்கப் போகிறாள். நான் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பதிவை அவளிடம் காட்டினேன். "எத்தனை கிலோ என்று மட்டும் எழுதிவிடாதே" என்றாள். எழுதவில்லை.