அந்த ஆறு பேரைத் திரும்பக் கூப்பிடுங்கள்

நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் நிதி நிறுவனத்தில் எல்லா அப்ளிகேஷனையும் கன்டெய்னருக்கு (அப்ளிகேஷனையும் அது ஓடத் தேவையானதையும் ஒரே பெட்டியாகக் கட்டும் முறை) மாற்றி, பாதியைச் சொந்த டேட்டா சென்டரிலும் மீதியைக் கிளவுடிலும் ஓட்டப் போகிறார்களாம். பிளாட்ஃபார்ம் வாங்கியாயிற்று, ஆலோசகர்கள் வந்தாயிற்று, பழைய சர்வர் டீமில் இருந்த ஆறு பேரை "இனி இங்கே உங்களுக்கு வேலை இருக்காது" என்று வேறு பிரிவுக்கு அனுப்பியும் ஆயிற்று. நீ இத்தனை வருஷமாக இதில்தானே இருக்கிறாய், என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். அந்த ஆறு பேரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. ஹைப்ரிட் கிளவுட், அதாவது பாதி இங்கே பாதி கிளவுடில் என்ற இந்த ஏற்பாடு, வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ அந்தப் பக்கம் போவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பணப் பரிவர்த்தனைத் தரவு முழுவதும் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சொன்னது. 2023 ஏப்ரலில் ஐடி சேவைகளை வெளியே கொடுப்பது பற்றிய விதிகளில், வேலையை யாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான், வெளியேறும் வழியையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள் என்றது. கிளவுடில் இருப்பதை நாளைக்கு இங்கே கொண்டுவர வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுகிற ஏதோ ஒன்று வேண்டும், அதற்குக் கன்டெய்னர் நன்றாகவே பொருந்துகிறது. அப்புறம் 2023 நவம்பரில் ஒரு சர்வரைப் பல சர்வராகப் பிரித்து ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரைப் பிராட்காம் நிறுவனம் வாங்கி, நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியதும், சொந்த டேட்டா சென்டரே போதும் என்று இருந்தவர்கள்கூட அடுத்த வழியைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஆக, போவது சரி. எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் எனக்கு மன வருத்தம்.

கன்டெய்னர் என்றால் ஒரு குட்டி மெஷின் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சாதாரண லினக்ஸ் ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், சுற்றிலும் வேலி போட்டிருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்று கட்டுப்படுத்தும் சிகுரூப் என்ற வசதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் 2008-லேயே வந்துவிட்டது, அதை எல்லோரும் கையாளும்படி எளிதாக்கியது 2013-இல் வந்த டாக்கர். அடுத்த வருஷம் கூகுள், தன் உள்ளுக்குள் போர்க் என்று ஓட்டிவந்த ஏற்பாட்டின் அனுபவத்தை வைத்து, குபர்நெட்டிஸை வெளியிட்டது. அது கிரேக்கச் சொல், கப்பலைச் செலுத்துகிறவர் என்று பொருள், நம்மிடம் மீகாமன் என்ற அழகான சொல் இருக்கிறது. எந்தப் பெட்டியை எங்கே வைப்பது, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் இந்த மீகாமனுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் அப்ளிகேஷன் மாதக் கடைசியில் எவ்வளவு மெமரி தின்னும், ராத்திரி எந்தக் கோப்புக்காகக் காத்திருக்கும் என்பது தெரியாது. அது ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அவரைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம்.

எனக்கு இது புரிந்தது 2019-இல் ஒரு சனிக்கிழமை ராத்திரி. கடன் கணக்கு பார்க்கும் ஒரு பெரிய ஜாவா அப்ளிகேஷனைப் பழைய சர்வரிலிருந்து குபர்நெட்டிஸ் ஓடும் புது கிளஸ்டருக்கு (பல மெஷின்களின் கூட்டம்) மாற்றிக்கொண்டிருந்தோம். பதினொரு மணிக்கு எல்லாம் பச்சையாக இருந்தது. பன்னிரண்டரைக்கு லோடு கொடுத்துப் பார்த்ததும் பாட் (குபர்நெட்டிஸில் கன்டெய்னர் ஓடும் அலகு) ஒன்று விழுந்தது, எழுந்தது, திரும்ப விழுந்தது. அப்ளிகேஷன் லாகைத் திறந்தால் கடைசி வரி பாதியில் நிற்கிறது, எரர் என்று ஒன்றுமே இல்லை, சாகும் முன் மெமரியை எழுதிவைக்கும் ஹீப் டம்ப்பும் இல்லை. எக்ஸிட் கோடு 137. அதாவது 128-உடன் 9, 9 என்றால் உடனே கொல் என்ற சிக்னல், கெர்னலே நேரடியாகக் கொன்றுவிட்டது, ஜாவாவுக்கு வாய் திறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மெமரி லிமிட்டை 2 ஜிபியிலிருந்து 3 ஆக்கினோம், 4 ஆக்கினோம், கொஞ்சம் தாமதமாகச் செத்ததே தவிர நிற்கவில்லை. அழைப்பில் பதினாலு பேர் இருந்தார்கள், ஆளுக்கொரு யோசனை.

ஒன்றே முக்காலுக்கு, வேறு வழி தெரியாமல், அந்த சர்வரைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட சாரைக் கூப்பிட்டேன். அவரை மூன்று மாதம் முன்னால்தான் வேறு புராஜெக்டுக்கு மாற்றியிருந்தார்கள். குபர்நெட்டிஸை அவர் தொட்டதே இல்லை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் என்ன ஆச்சு? ஹீப் 1400 எம்பின்னு அதுலதானே போட்டு வச்சிருந்தேன்."

கன்டெய்னரை எழுப்பப் பயன்படும் பொதியான இமேஜைத் தயாரித்தவர் அந்த ஸ்கிரிப்டை எடுக்கவே இல்லை. ஜாவாவை நேராக ஓட்டும்படி ஒரு வரி எழுதியிருந்தார். ஹீப், அதாவது ஜாவா தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் மெமரி, எவ்வளவு என்று சொல்லாவிட்டால் ஜாவா தானாக மெஷினின் மெமரியில் கால் பங்கை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். எங்கள் நோடில், அதாவது கிளஸ்டரின் ஒரு மெஷினில், 64 ஜிபி, அதனால் அது தனக்கு 16 ஜிபி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வளர்ந்துகொண்டே போனது, வேலி 2 ஜிபியில் நிற்பது அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜாவா 8-இல் கன்டெய்னர் வேலியைத் தானாகப் பார்க்கும் வசதி 2018 அக்டோபரில் வந்த 191-ஆவது அப்டேட்டில்தான் சேர்ந்தது, எங்களிடம் இருந்ததோ அதைவிடப் பழையது. அந்த 1400 என்ற எண்ணை இமேஜில் சேர்த்து, திரும்ப ஏற்றி, ரெண்டு மணி பத்துக்கு எல்லாம் நின்று ஓடியது. அந்த எண் எப்படி வந்தது என்று பிறகு அவரிடம் கேட்டேன். இரண்டு மார்ச் மாதக் கடைசிகளில் விடிய விடிய உட்கார்ந்து, ஏற்றி இறக்கிப் பார்த்துக் கண்டுபிடித்த எண் அது. எந்த ஆவணத்திலும் கிடையாது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு ராத்திரிக் கதை என்று விட்டிருப்பேன். அடுத்த வாரமே இன்னொன்று. நள்ளிரவுக்கு மேல் ஓடும் வட்டிக் கணக்கில் முந்தின நாள் தேதி விழுந்தது. பழைய சர்வர் இந்திய நேரத்தில் ஓடியது, கன்டெய்னர் இமேஜ் நாம் சொல்லாவிட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், ஐந்தரை மணி நேரம் பின்னால். ராத்திரி ஒன்றேகாலுக்கு நடந்தது அதற்கு நேற்று மாலை ஏழே முக்கால். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் இது பிடிபடாது, நாங்கள் சோதித்ததெல்லாம் பகலில்தான். அதற்கும் அடுத்ததாக ஒரு கிளைக்குப் போக வேண்டிய கோப்பு காணாமல் போனது. அப்ளிகேஷன் அதை உள்ளூர் டிஸ்கில் எழுதி வைக்கும், விடிகாலை நாலு நாற்பதுக்கு ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) வந்து எடுத்துப்போகும். பாட் ஒருமுறை எழுந்து உட்கார்ந்ததும் அந்த டிஸ்க்கும் புதிதாகிவிட்டது. அப்படி ஒரு கிரான் இருப்பது அந்த சாருக்கும், ஒன்பது மணிக்குக் கோப்பைத் திறந்து பார்க்கும் கிளை ஊழியருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஊழியர் அன்று மதியம் வரை வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தப்பு செய்தது நாங்கள், திட்டு வாங்கியது அவர்.

ஹைப்ரிட் என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. டேட்டாபேஸ் சென்னையிலேயே இருக்கட்டும், அப்ளிகேஷனை மட்டும் மும்பை கிளவுடில் வைப்போம் என்று படத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு நீளம் உண்டு. ஒரே அறைக்குள் அரை மில்லிசெகண்டில் முடிந்த ஒரு கேள்வி இங்கிருந்து மும்பை போய் வர 20 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பழைய அப்ளிகேஷன் ஒரு திரையைக் காட்ட டேட்டாபேஸை 200 முறை கேட்கும்படி எழுதியிருக்கும், ஏனென்றால் எழுதிய காலத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருந்தன. இருநூறை இருபதால் பெருக்குங்கள், நாலு விநாடி. குபர்நெட்டிஸ் தன் வழக்கமான அமைப்பில், ஐந்து புள்ளிக்குக் குறைவாக உள்ள எந்தப் பெயரையும் முதலில் கிளஸ்டருக்குள் இருக்கும் பெயரோ என்று ஒவ்வொரு பின்னொட்டாகச் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும், உங்கள் டேட்டாபேஸ் சர்வர் பெயருக்கு அந்த அலைச்சல் வேறு. இந்த அப்ளிகேஷன் ரொம்பப் பேசும், தனியாகப் பிரிக்காதே என்று டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டிபிஏ அம்மா எங்களிடம் முதல் கூட்டத்திலேயே சொன்னார். அது கூட்டக் குறிப்பில்கூட ஏறவில்லை. ஆறு மாதம் கழித்து அப்ளிகேஷனைத் திரும்பச் சென்னைக்கே கொண்டுவந்தோம்.

பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால், 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் என்ற விவாதத் தளம் விழுந்ததைப் படித்துப் பாருங்கள். 314 நிமிடம் தளம் இல்லை. ஒரு கிளஸ்டரைக் குபர்நெட்டிஸ் 1.23-இலிருந்து 1.24-க்கு ஏற்றினார்கள். அந்தப் பதிப்பில் கட்டுப்பாட்டு நோடுகளுக்கு இருந்த 'மாஸ்டர்' என்ற பழைய லேபிளைக் குபர்நெட்டிஸ் குழு எடுத்துவிட்டது, எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு பல பதிப்புகளுக்கு முன்பே வந்துவிட்டது. ரெட்டிட்டின் நெட்வொர்க்கில் ரூட்களை, அதாவது எந்தத் தரவு எந்த வழியில் போக வேண்டும் என்ற தகவலை, பரப்பும் ஒரு பகுதி அந்த லேபிளை வைத்துத்தான் எந்த நோடு தனக்கு வேண்டியது என்று தேடிக்கொண்டிருந்தது. லேபிள் போனதும் அதற்கு ஒரு நோடும் கிடைக்கவில்லை, உள் நெட்வொர்க் மொத்தமும் நின்றது. அந்த அமைப்பைப் பல வருஷம் முன்னால் வேறொரு டீம் செய்திருந்தது, அப்படி ஒன்று இருப்பது தெரிந்த எல்லோரும் வேறு வேலைக்கோ வேறு நிறுவனத்துக்கோ போய்விட்டார்கள். இதை ரெட்டிட்டின் பொறியாளர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். எங்கள் டீமில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரம் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

இந்தப் பதிப்பு ஏற்றுவது ஒரு முறை வேலையும் இல்லை. குபர்நெட்டிஸ் வருஷத்துக்கு மூன்று பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம்தான் ஆதரவு. பயந்து தொடாமலே விட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு, குபிஅட்மின் என்ற கருவியை வைத்துக் கட்டிய கிளஸ்டரில் உள்பகுதிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சான்றிதழ்கள் ஒரு வருஷத்தில் காலாவதியாகும், பதிப்பு ஏற்றும்போதுதான் அவை தானாகப் புதுப்பிக்கப்படும். ஆகவே தெரிந்த ஆட்கள் நிரந்தரமாக இருந்தே ஆக வேண்டும். ஒப்பந்த ஆலோசகர் கட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அதைக் குறை சொல்ல முடியாது, அவர் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

"பழைய ஆட்களுக்கு இதெல்லாம் வராது" என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதைக் கேட்டால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். அந்த சார் 2005-இல் சோலாரிஸ் 10 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தபோதே அதில் ஸோன் போட்டு ஓட்டியவர், ஒரே கெர்னலில் தனித்தனி வேலி என்பது அவருக்குப் பழகிய விஷயம். நாங்கள் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி பிளாட்ஃபார்ம் டீமுக்குத் திரும்ப வாங்கினோம். குபர்நெட்டிஸுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் யாமல் கோப்பு எழுத அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் தலையில் இருந்ததை நாங்கள் எழுதி வாங்க எட்டு மாதம் பிடித்தது. எது அரிய சரக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எட்டு மாதம் நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு அப்ளிகேஷனுக்கு ஒரு நோட்டு. அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, இது எப்படித் தொடங்குகிறது, எங்கே எழுதுகிறது, யாருக்காகக் காத்திருக்கிறது, எது நின்றால் யார் முதலில் போன் செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே போவது. அதில் 137 பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்தோம். போன வருஷம் நோடுகளைப் புதிதாக மாற்றியபோது சிகுரூப் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, ஜாவா 8-இல் 372-ஆவது அப்டேட்டுக்கு முந்தையவைகளுக்கு அந்தப் புது வேலி கண்ணுக்குத் தெரியாது, ஒரு பழைய அப்ளிகேஷன் திரும்ப அதே மாதிரி சாகத் தொடங்கியது. அன்று பணியில் இருந்தது சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண். நோட்டைத் திறந்தார், அந்தப் பக்கத்தைப் படித்தார், ஜாவா அப்டேட் எண்ணைப் பார்த்தார், ஹீப் அளவை நேரடியாகக் கொடுத்து ஓட்டிவிட்டு, காலையில் எங்களுக்கு நாலு வரி மெயில் அனுப்பியிருந்தார். யாரையும் எழுப்பவில்லை.

நண்பரே, உங்கள் நிறுவனம் பிளாட்ஃபார்முக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், அந்த ஆறு பேரையும் இந்த வேலையிலேயே வைத்துக்கொள்ளலாம். மேலிடத்தில் பேசத் தயங்காதீர்கள், வேண்டுமானால் இந்தப் பதிவை அப்படியே அனுப்புங்கள். அவர்களில் ஒருவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார் என்று சொன்னீர்களே, முதலில் அவரிடம் உட்காருங்கள். இந்த வாரமே. ஸ்டார்ட் ஸ்கிரிப்டைத் திறந்து வைத்து, முதல் வரியிலிருந்து இது ஏன், இது ஏன் என்று கேளுங்கள். முடிந்ததும் கிரான் பட்டியல்.