கேட்டைப் பூட்டியிருக்கலாமே என்கிறவர்களுக்கு

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். "விட்டுடுங்க சார், ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றார் எங்கள் சர்ச் ஆயர் ஐயா. அடங்கவில்லை. இன்று காலை என் மச்சினனே அந்த இரண்டாவது வீடியோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, "அத்தான், இது நீங்க போற இடம்தான? கேட்டைப் பூட்டியிருக்கலாம்லா?" என்று கேட்டிருக்கிறான். கீழே நாலு பேர் கைகூப்புப் பொம்மை. அதனால் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: சேனல் நடத்துகிற ஒரு தம்பி, நடைபாதையில் இருந்த ஒரு பெரியவருக்கு முடி வெட்டிவிட்டு எடுத்தது முதல் வீடியோ; அவர் எங்கள் காப்பகத்தை விட்டுப் போனதும் எங்களைத் திட்டிப் போட்டது இரண்டாவது. லிங்க்கும் தர மாட்டேன். ஓடின வரைக்கும் போதும்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் நடத்துவது வீடில்லாதவர்களுக்கான காப்பகம். பகலில் கேட்டில் பூட்டு இருக்காது. வருகிறவர் வரலாம், போகிறவர் போகலாம். இரவு பத்துக்கு மேல் சாத்துவோம், அதுவும் வெளியிலிருந்து குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவர்களுக்காக. உள்ளே இருப்பவர் "நான் போறேன்" என்றால் நடுராத்திரியானாலும் வாட்ச்மேன் திறந்துதான் ஆக வேண்டும். "காலைல போங்களேன்" என்று கெஞ்சலாம். அதற்கு மேல் கிடையாது.

அந்தப் பெரியவர் எங்களிடம் ஒன்பது ராத்திரி இருந்தார். பத்தாம் நாள் காலை டீ குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், போனார். வீடியோவில் இதற்குத் தலைப்பு "தப்பி ஓடிய பரிதாபம்". தப்பி ஓடுகிறவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டா ஓடுவான்?

சரி, முதல் வீடியோவுக்கு வருவோம். எல்லோரும் கண்ணீர் விட்டீர்களே, அது. வால்டாக்ஸ் ரோடு நடைபாதை, சடை பிடித்த தலை, சோக வயலின். "ஐயா, முடி வெட்டிக்கலாமா?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். பெரியவர் தலையை ஆட்டுகிறார். அது 'சரி' என்கிற ஆட்டல் இல்லை ஐயா, 'வேண்டாம்' என்கிற ஆட்டல். இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிடுகிறது. நடுரோட்டில் நிற்க வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர். புது டிசர்ட், நெஞ்சில் சேனலின் பெயர். பிறகு அவருடைய மூட்டை நேராகக் குப்பைத்தொட்டிக்குள் போகிறது. "பழைய வாழ்க்கைக்கு குட்பை" என்று எழுத்து பறந்து வருகிறது.

எங்களிடம் புதிதாக உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது பாத்திரம் கழுவுவதோ கட்டுப் போடுவதோ இல்லை. மூட்டையில் கை வைக்காதே என்பதுதான். நாறும், தெரியும். பேன் இருக்கும், ஊசிப்போன சோறு இருக்கும், எதற்கென்றே தெரியாத நூறு பிளாஸ்டிக் பைகள் இருக்கும். பெரிய சாக்கில் அப்படியே போட்டு, கட்டி, நம்பர் எழுதி மொட்டை மாடியில் வெயிலில் வைப்போம். அவரே ஒருநாள் பிரிப்பார். வேண்டாததை அவரே தூக்கிப் போடுவார். ஒருவருக்கு எட்டு மாதம் ஆனது. ஆகட்டும்.

பெரியவரைக் கொண்டுவந்து விட்ட ராத்திரி மணி பதினொன்று இருக்கும். நான்தான் டியூட்டி. பெயர் சொன்னார், இங்கே எழுத மாட்டேன், அதைத்தான் வீடியோவில் கொட்டை எழுத்தில் போட்டாகிவிட்டதே. ஊர் விழுப்புரம் பக்கம். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து "கொத்தனாரு" என்றார். அடுத்து அவர் கேட்டது தண்ணீர் இல்லை, சோறு இல்லை. "என் பை எங்கங்க?"

அதில் அவருடைய கொத்துக் கரண்டி இருந்ததாம். ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு மரக்கட்டை. வேலை செய்து ஏழு வருடம் ஆகிறது, காலில் புண், சாரத்தில் ஏற முடியாது. ஆனாலும் கரண்டி இருந்தது. நான் தம்பிக்குப் போன் போட்டேன். "சார், அது எல்லாம் குப்ப சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இல்லை, குற்றம்தான். ஏன் மழுப்ப வேண்டும்?

ஒன்பது ராத்திரியும் டியூட்டியில் யார் இருந்தாலும் கேட்டிருக்கிறார், பை வந்துதா என்று. பத்தாம் நாள் தானே தேடப் போனார். ஓடவில்லை. தேடப் போனார்.

"மனநிலை சரியில்லாத ஆளை எப்படி சார் வெளியே விடலாம்?" இதுதான் கமெண்டில் அதிகம் லைக் வாங்கிய கேள்வி. புதன்கிழமை வருகிற டாக்டர் பார்த்தார். சர்க்கரை இருக்கிறது, காலில் ஆறாத புண் இருக்கிறது. மனநிலை உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கிறது. சடை விழுந்தவரெல்லாம் மனநலம் பாதித்தவர் என்று எந்தப் படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்?

சரி, நிஜமாகவே பாதித்தவர் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தெருவில் அப்படித் திரிகிறவரைப் போலீஸ் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் அடியோடு தடை செய்கிறது. ஏன் அப்படி ஒரு வரியைச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது? ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த இடத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஓலைக் கொட்டகை, தீ. 28 பேர் செத்தார்கள். ஓட முடியாமல் போனது ஏன் தெரியுமல்லவா? சங்கிலி. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று விட்டவர்கள்தான். நம்மூரில் 'பத்திரம்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிச்சைக்காரர்களைப் பிடித்து அடைப்பதும் புதிது இல்லை. சென்னை மாகாணத்தில் அதற்கு 1945-லேயே சட்டம் போட்டார்கள். டெல்லிக்கு இருந்த அதே மாதிரிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்கே உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது, ஏழையாக இருப்பது குற்றமா என்று கேட்டு. நீங்கள் இப்போது கமெண்டில் அதே சட்டத்தைத்தான் மறுபடி கொண்டுவரச் சொல்கிறீர்கள், என்ன, கூடவே ஒரு இதய பொம்மை போட்டு.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி வீட்டில் புறவாசல் பக்கம் ஒரு அறை உண்டு. விறகு போடுகிற அறை. அம்மாவின் தம்பி, என் மாமா, அதில்தான் இருந்தார். சும்மா நடந்து போய்விடுவார், அதுதான் அவருடைய வியாதி. நாங்குநேரியில் பார்த்தேன், வள்ளியூரில் பார்த்தேன் என்று யாராவது கூட்டி வருவார்கள். அதனால் பூட்டு. சாவி ஆச்சி இடுப்பில். யாரும் அவரை அடித்ததில்லை, திட்டியதில்லை, மூன்று வேளையும் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிப்பாட்டி, சட்டை போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போய் கடைசி பெஞ்சில் தாத்தா பக்கத்தில் உட்கார வைப்பார்கள். ஜன்னல் வழியாகத் தட்டு கொடுக்கிற வேலை என்னுடையது, எனக்குப் பதினொரு வயது. தட்டை வாங்கும்போதெல்லாம் "ஏலே, சாவி எங்கல இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பார், மணி என்ன என்று கேட்பது போல.

1974-ல் ஒரு மத்தியானம் அறை திறந்து கிடந்தது. மாமா திரும்பவே இல்லை. அம்மா சாகும்வரை "யார் திறந்துவிட்டது, யார் திறந்துவிட்டது" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்காரியைச் சந்தேகப்பட்டார்கள், அவள் வேலையும் போனது.

நான்தான்.

செய்தது சரியா தப்பா என்று ஐம்பது வருடமாக எனக்குத் தெரியவில்லை. ரயில்வே மெயில் சர்வீஸில் 31 வருடம் ராத்திரி டியூட்டி பார்த்தேன். ஒவ்வொரு ஸ்டேஷன் பிளாட்பாரத்திலும் படுத்திருக்கிறவர் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். அந்தப் பழக்கம்தான் ரிடயர் ஆனதும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. எனக்குச் சேவை மனப்பான்மை அது இது என்று யாரும் எழுத வேண்டாம். ஆனால் "கேட்டைத் திறந்துவிட்டது யார்" என்று என்னிடமே கேட்காதீர்கள்.

அடுத்தது, எதிர்பார்த்ததுதான். "மதம் மாத்துற இடம், பெரியவர் பயந்து ஓடிட்டார்."

சர்ச் நடத்துகிற இடம். சுவரில் மத்தேயு 25 எழுதியிருக்கிறது, "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று. எழுதத்தான் செய்வோம். 'பூட்டிவைத்தீர்கள்' என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? ஆறு வருடம் முன்புவரை ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் சாப்பாட்டுத் தட்டு என்று இருந்தது. மறைக்கவில்லை. அசிங்கம்தான். இப்போதைய ஆயரம்மா வந்துதான் மாற்றினார், சாப்பாடு முதலில், ஜெபம் அப்புறம். மாற்றிய முதல் வாரம் ஜெபத்துக்கு உட்கார்ந்தது ஏழு பேர். மற்றவர்கள் டிவி பார்க்கப் போனார்கள். ஏழு பேர் போதும் என்றார் ஆயரம்மா. போன ஐப்பசியில் நெற்றி நிறைய திருநீறு பூசுகிற ஒருவர் எங்களிடம் இறந்தார். மூலக்கொத்தளத்தில் கொள்ளி வைத்தது, ஞாயிறு பாடகர் குழுவில் பாடுகிற எங்கள் சமையல்காரர். இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை, எடுத்திருந்தால் நான்தான் முதலில் போனைப் பிடுங்கியிருப்பேன். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

"கவர்ன்மென்ட் பணம் வருதே" என்றும் ஒருவர். வா சார், வந்து கணக்கு நோட்டைப் பார். வரவு கொஞ்சம், பாக்கி நிறைய.

உள்ளே என்ன நடக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டுமானால் காலை ஐந்தரைக்கு வாருங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு. 46 பேர், நாலு கக்கூஸ், அதில் ஒன்று எப்போதும் அடைப்பு. டீ. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் கேட்டரிங்குக்கும் லோடு தூக்கவும் கிளம்புவார்கள். நாங்கள் கஞ்சி வைத்தாலும் சிலர் அம்மா உணவகத்துக்குத்தான் போவார்கள், ஒரு ரூபாய் இட்லி, ஆனால் சொந்தக் காசில் வாங்குகிற இட்லி. எனக்கு அது பிடிக்கும். ஒன்பது மணிக்கு டிரெஸ்ஸிங். புண்ணில் புழு வைத்திருந்தால் டர்பன்டைன் விட்டுக் காத்திருந்து, மேலே வருவதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒருவருக்கு நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. பிறகு ஆதார் இல்லாதவருக்கு ஆதார். ஆதார் இருந்தால்தான் பென்ஷன், அந்த 1,200 ரூபாய்க்கு எட்டு நடை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் "அட்டெண்டர் யாரு?" என்று முதலில் கேட்பார்கள். ஆள் இருந்தால் அவர் ஏன் பிளாட்பாரத்தில் கிடக்கிறார்? மத்தியானம் உட்கார்ந்து ஊருக்குப் போன் போடுவோம். "எங்களுக்கு அப்படி யாரும் இல்லீங்களே" என்று வைத்துவிடுவார்கள். பக்கத்தில் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். லைன் கிடைக்கவில்லை என்று சொல்வோம். அவருக்கும் தெரியும்.

இது எதிலும் வயலின் கிடையாது.

நம் ஆட்களும் ஒன்றும் யோக்கியம் இல்லை. டிசம்பர் 25 அன்று ஏழு இடத்திலிருந்து பிரியாணி. ஏழு! வாங்க மாட்டேன் என்றால் கோபம். 26-ஆம் தேதி அந்த நாலு கக்கூஸின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஜனவரி பத்தாம் தேதி குளியல் சோப்பு தீர்ந்துவிட்டது என்று சபையில் அறிவித்தால் ஒரு ஆள் வராது. கொண்டுவருகிறவர்களும் வரிசையாக நிற்க வைத்து, தட்டைப் பிடிக்க வைத்து போட்டோ எடுக்காமல் போவதில்லை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று அதே மத்தேயுவில்தானே இருக்கிறது? நானும் மூன்று வருடம் முன்பு ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் படம் என் பக்கத்திலேயே கிடந்தது. நேற்று ராத்திரிதான் அழித்தேன். யாராவது ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தால் போடுங்கள், பரவாயில்லை.

2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், ஆண்டு முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லிருந்தே சொல்லி வருகிறது. திறந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

"அந்தத் தம்பி நல்ல மனசோடதானே செஞ்சார், நீங்க ஏன் சார் இப்படி?" இருக்கலாம். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு ஒரு கொத்தனாரின் கரண்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, அவர் அதைத் தேடிப் போனதையும் படம் பிடித்து, எங்களையும் திட்டிக் காசாக்கிவிட்டது. வேறென்ன சொல்ல?

நேற்று சாயங்காலம் வால்டாக்ஸ் ரோடு போனேன். பெரியவர் அங்கே இல்லை. இரண்டாவது வீடியோ வந்த பிறகு ஆளாளுக்கு வந்து போனை நீட்டினார்களாம், இடத்தை மாற்றிவிட்டார் என்றார் டீக்கடைக்காரர். பேசின் பிரிட்ஜ் பக்கம் போயிருக்கலாமாம். வலது கால் விரலில் கட்டு இருக்கும், நாங்கள் போட்டது, இந்நேரம் மாற்றியிருக்க வேண்டும். பார்த்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டு வர வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி நான்தான் டியூட்டி.

அந்தப் பகுதியில் குப்பை அள்ளுகிறவர்கள், பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்கள் யாருக்காவது இந்தப் பதிவு போய்ச் சேர்ந்தால், நீல நிற உரச்சாக்கு, சணல் கயிற்றில் கட்டியது. கிடைத்தால் அப்படியே வாங்கி வையுங்கள், என்ன விலையோ நான் தருகிறேன். பிரிக்க வேண்டாம்.