ஆண் குட்டி இருக்கா?

நாய்க்குட்டி தத்துக் கொடுக்கிறோம் என்று படம் போட்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பழகியிருக்கும். வயது என்ன, தடுப்பூசி போட்டாச்சா, தாய் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும். பெண் என்றால், "சரி மேடம், வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதையும்தான். சென்னையை ஒட்டிய சேலையூர்ப் பக்கம் வண்டியில் அடிபட்டுக் கிடந்த தெரு நாய் ஒன்றைத் தூக்கி வந்தோம். பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. வயிறு உப்பியிருந்ததைப் பூச்சி வயிறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்; சரியான தீனி இல்லாத தெரு நாய்களுக்கு அது சகஜம். இடுப்புக்கும் காலுக்கும் எடுத்த எக்ஸ்ரேயில் குட்டிகளின் முதுகெலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. நாய்க்குச் சினைக்காலமே சுமார் 63 நாள்தான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிய வேண்டுமானால் 45 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அடிபட்ட உடம்பு, மயக்க மருந்து தாங்காது, கருத்தடையைப் பிறகு பார்க்கலாம், பெற்றுக்கொள்ளட்டும் என்றார் மருத்துவர்.

ஏழு குட்டிகள். இரண்டு ஆண், ஐந்து பெண். ஒன்று கறுப்பு, இரண்டு செவலை, மற்றவை வெள்ளையும் பழுப்புமாக. "அப்பன் ஒருத்தன் இல்ல போலிருக்கே" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார். கேலிக்குச் சொன்னாலும் அப்படி நடப்பது உண்டு. ஒரே ஈற்றில் வெவ்வேறு நாய்களின் குட்டிகள் பிறக்கலாம்.

நாய் குட்டி போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். நல்ல ஆரோக்கியமான நாய் என்றால் பெரும்பாலும் சரி. கால் உடைந்து எலும்பும் தோலுமாக இருக்கிற நாய்க்கு அது சரிவராது. குட்டிகளுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் உடம்புச் சூட்டைத் தாங்களாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. பிறந்த புதிதில் கண்ணும் காதும் மூடியிருக்கும். சிறுநீர், மலம் போவதற்குக்கூடத் தாய் நக்கிவிட வேண்டும். இவளுக்கு உடம்பைத் திருப்ப முடியாததால், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் நாங்கள் துடைத்துவிட்டோம். பெட்டிக்குள் பழைய காட்டன் புடவைகளை விரித்து, ஒரு மூலையில் மட்டும் விளக்கு வைத்தோம். சூடு போதுமென்றால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமல்லவா, அதனால்தான் ஒரு மூலை.

நம் ஊரில் இதற்கு மேல் எறும்பு. பிறந்த குட்டியின் தொப்புள் ஈரத்துக்கு எறும்பு மொய்த்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை. பெட்டியை நாற்காலி மேல் ஏற்றி, நாற்காலிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தோம். எறும்புச் சாக்பீஸ் போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. தெள்ளுப்பூச்சிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொல்கிற பெரியவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். தலையாட்டிவிட்டு, தடவாமல் வந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது பால். பாசத்தோடு ஆவின் பாக்கெட்டைத் தூக்கி வந்தவர்கள் பலர். நாய்ப் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரு மடங்குக்கு மேல். பசும்பாலைக் கொடுத்தால் குட்டிக்கு ஊட்டமும் போதாது, வயிற்றுப்போக்கும் வரும். நாய்க்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. புகட்டும்போது குழந்தையை மடியில் போடுவது போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கிக் குடிக்கவிட வேண்டும். சில்லிட்டுப் போன குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால். இத்தனையும் செய்தும் ஒரு பெண் குட்டி மூன்றாம் நாள் போய்விட்டது. எடை ஏறாத குட்டி அது. காரணம் என்னவென்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

தாய்க்குத் தயிர்சாதம் போதாது. பாலூட்டும் நாய் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிட வேண்டும். முட்டை, ஈரல், எலும்பு நீக்கிய கோழி. குட்டி போட்ட சில வாரங்களில் உடம்பு விறைத்து நடுங்கினால் கால்சியம் இறங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதற்காகச் சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுப்பதும் தப்பு. உடம்பு தானாகக் கால்சியம் எடுக்கிற வேலையை அது மந்தமாக்கிவிடும்.

இரண்டாம் வாரத்தில் கண் திறந்ததும் வீடே மயங்கிவிட்டது. குடற்புழு மருந்தும் அந்த வாரத்திலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் உருளைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆறாவது வாரத்துக்கு மேல் பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்களுக்குத் தடுப்பூசி. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரித்துத் தருவதில்லை என்று சொன்னதற்கே இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வேலை. வேலையைச் செய்துவிடலாம். என்னை அசத்தியது தொலைபேசிதான்.

"பெண் குட்டி வேண்டாம் மேடம், குட்டி போட்டுட்டே இருக்கும்."

"ஆபரேஷன் பண்ணிட்டா போடாதே சார்?"

"ஐயோ, அது பாவம் மேடம்."

ஒரே ஆள், ஒரே மூச்சில். குட்டி போடுவதும் ஆகாது, போடாமல் செய்வதும் ஆகாது. அப்படியென்றால் பெண் குட்டி எங்கே போகும்? சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் ஓரத்தில், பிரியாணிக் கடைப் பின்பக்கத்தில், கோயில் வாசலில் விடப்படும். "அங்கே சாப்பாடு கிடைக்கும்ல" என்று ஒரு சமாதானம். பால் மறக்காத குட்டிகளில் பாதி வண்டியிலும் பார்வோவிலும் போய்ச் சேரும். தப்பிப் பிழைத்த பெண், பெரும்பாலும் ஒரு வயது நிறைவதற்குள் சினையாகிவிடும். அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை பருவம். எங்கள் வீட்டில் படுத்திருப்பவளும் இப்படி யாரோ வேண்டாம் என்ற குட்டியாகத்தான் இருந்திருப்பாள்.

ஆண் நாய் தொல்லையில்லாதது என்பதும் நம்பிக்கைதான். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் நாய் பருவத்துக்கு வந்தால் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். கடித்துக் குதறப்பட்டு வரும். தெரு நாய்களிடையே புணர்ச்சியால் பரவுகிற புற்றுக்கட்டி ஒன்று இருக்கிறது, அதையும் வாங்கி வரும். இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு தெருவில் பத்து ஆணுக்கு ஒன்பதைக் கருத்தடை செய்தாலும் மிச்சமிருக்கிற ஒன்று போதும், எல்லாப் பெண்ணும் சினையாகும். ஒரு பெண்ணுக்குச் செய்தால் அதன் குட்டிகள் அத்தனையும் அதோடு நின்றுவிடும். தெருவில் நாய் பெருகிவிட்டது என்று உண்மையிலேயே கவலைப்படுகிறவர் பெண் குட்டியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதற்கும் மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. செய்யாமல் விட்ட நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டலாம். அதுவும் அவசர ஆபரேஷனில்தான் முடியும், இளமையில் செய்வதைவிட ஆபத்தாகவும் செலவாகவும்.

கருத்தடை சென்னைக்குப் புதிதல்ல. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் இதைப் பல காலமாகச் சொல்லி வந்தது. 1996இல் மாநகராட்சியும் கையில் எடுத்தது. நாடு முழுவதற்குமான விதிகள் வந்தது 2001இல், அவற்றைப் புதுப்பித்தது 2023இல். டெல்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு எடுத்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் ஆக்ரோஷமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. அந்த நாட்களில் என் முகநூலில் இரண்டு கட்சி. ஒன்று எல்லாவற்றையும் கொல்லச் சொன்னது, இன்னொன்று எல்லாவற்றையும் கும்பிடச் சொன்னது. தன் தெருவில் இருக்கிற பெண் நாய்களில் எத்தனைக்குக் காதில் கருத்தடை அடையாள வெட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் இரண்டு பக்கமும் குறைவு. பிஸ்கட் போடுகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். சோறு போடுகிற கைக்குத்தான் நாய் வரும், பிடித்துக் கொடுக்கவும் அந்தக் கையால்தான் முடியும்.

சரி, குட்டிகள் நிலவரம். ஆண் இரண்டும் முதல் வாரத்திலேயே பேசி முடிந்து, எட்டு வாரத்தில் போய்விட்டன. கறுப்புப் பெண்ணை, கறுப்பு நாய் வளர்க்கச் சொல்லி ஜோசியர் சொன்னதாக ஒருவர் வந்து வாங்கிப் போனார். சனி பகவான் ஆண் பெண் பார்ப்பதில்லை போலிருக்கிறது. இன்னொரு பெண்ணை எங்கள் ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் கேட்டு வாங்கினார். அவர் வீட்டில் முன்பு இருந்ததும் பெண் நாய்தான், "அதைவிடக் காவல் எது காத்துச்சு" என்றார்.

இரண்டு பெண்கள் மிச்சம். இரண்டும் செவலை, முதல் தடுப்பூசி போட்டாச்சு, சோறும் முட்டையும் சாப்பிடுகிறார்கள். ஆறு மாதம் ஆனதும் கருத்தடைச் செலவு என்னுடையது, மருத்துவமனைக்குக் கூட்டி வருவது மட்டும் உங்கள் பொறுப்பு. மொட்டை மாடியில் கட்டிப்போட நினைப்பவர்களுக்குத் தருவதாக இல்லை. வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டே இன்பாக்ஸுக்கு வாருங்கள். தாய்க்குப் பால் வற்றிவிட்டது, காலும் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்.